விலை கூடிய இசை மென்பொருள்: ஒரேயடியாக வாங்குவதா, தவணையா, மாத வாடகையா?

கேள்வி, 2025 ஜூன் 2

"சீரம் 2 என்ற சிந்தசைசர் மென்பொருளை (கணினியில் ஒலி உருவாக்குவது) வாங்க ஆசை. 249 டாலர் ஒரே தடவையில் கட்ட வழியில்லை. மாதம் 10 டாலர் கட்டி எடுக்கலாம் என்கிறார்கள். நண்பன் ஒருவன், மாதாமாதம் கட்டுகிற எதுவுமே ஏமாற்று வேலை, காசு சேர்த்து மொத்தமாக வாங்கு, இல்லாவிட்டால் கிராக், அதாவது திருட்டு நகல், போட்டுக்கொள் என்கிறான். நான் திருநெல்வேலியில் வீட்டிலேயே பாட்டு பண்ணுகிறேன். வருமானம் சில மாதம் வரும், சில மாதம் வராது. எது சரி?"

ஜூன் 2, இரவு

மாதாமாதம் கட்டுவதில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்று முடியும் தவணை, இன்னொன்று முடியாத வாடகை. உங்கள் நண்பர் இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறார்.

முடியும் தவணைக்கு நல்ல உதாரணம் நீங்கள் கேட்கிற சீரம்தான். ஸ்டீவ் டூடாவின் எக்ஸ்ஃபர் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 2014-ல் அதை வெளியிட்டபோது விலை 189 டாலர். 2016-ல் ஸ்ப்ளைஸ் என்ற இணையக் கடை அதை மாதம் 9.99 டாலருக்குக் கொடுக்க ஆரம்பித்தது. பெருக்கிப் பாருங்கள், 19 மாதத்தில் 189 டாலர் முடிந்துவிடும். வட்டி கிடையாது. நடுவில் கையில் காசு இல்லையென்றால் நிறுத்தி வைக்கலாம், அதுவரை கட்டியது அப்படியே நிற்கும். மறுபடி காசு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நிறுத்தி வைத்திருக்கும் காலத்தில் ப்ளகின் (சீரம் போல, பாட்டு பண்ணும் மென்பொருளுக்குள் சேர்த்துப் பயன்படுத்தும் துணை மென்பொருள்) வேலை செய்யாது, அவ்வளவுதான். கடைசித் தவணை முடிந்தால் லைசென்ஸ் உங்களுடையது. 2025 மார்ச்சில் சீரம் 2 வந்தபோது, பழைய சீரம் வைத்திருந்த எல்லோருக்கும் அது இலவசமாகவே கிடைத்தது.

முடியாத வாடகையில் பத்து வருடம் கட்டினாலும், பதினோராவது வருடம் நிறுத்தினால் கையில் ஒன்றும் இருக்காது.

வருமானம் சில மாதம் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த நிறுத்தி வைக்கும் பொத்தான்தான் முக்கியம். 10 டாலரா 15 டாலரா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஜூன் 3

கிராக் பற்றி ஒரு வரி மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பேச்சு நீண்டால் இந்த உரையாடலே அதில் போய்விடும். கிராக்கில் செய்த ப்ராஜெக்ட்டை இன்னொரு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்த் திறக்க முடியாது. அங்கே இருப்பது அசல், வேறு வெர்ஷன், ஒலி மாறும் அல்லது திறக்காது. மிக்ஸிங் எஞ்சினியர் முன்னால் கைபிசைந்து நிற்கிற நிலை யாருக்கும் வேண்டாம். சீரம் உலகத்திலேயே அதிகம் திருடப்பட்ட சிந்தசைசர்களில் ஒன்று. பத்து டாலர் தவணை வந்த பிறகு, திருட்டு நகல் வைத்திருந்த பையன்கள் பலர் தாங்களாகவே கட்டத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்தவர்களிலேயே அப்படிச் சிலர் உண்டு.

ஜூன் 5

ஒருவர் கேட்டிருக்கிறார்: "வட்டியில்லாத் தவணை என்றால் எல்லாவற்றையும் தவணையிலேயே எடுக்கலாமே?"

வேண்டாம். வட்டி இல்லை என்பது உண்மை, ஆனால் தவணை பெரும்பாலும் முழு விலைக்குத்தான் ஓடுகிறது. இசை மென்பொருள் உலகத்தில் முழு விலையில் வாங்குகிறவர்கள் குறைவு. நவம்பர் கடைசியில் பிளாக் ஃப்ரைடே வந்தால் பாதி விலை என்பது சர்வசாதாரணம். நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கம்ப்ளீட் என்ற மென்பொருள் தொகுப்பு கோடைக் காலத்திலும் நவம்பரிலும் வழக்கமாகப் பாதி விலைக்கு இறங்கும். அப்படிப்பட்ட பொருளை முழு விலைத் தவணையில் எடுத்தால், விட்டுக்கொடுத்த தள்ளுபடிதான் உங்கள் வட்டி. 400 டாலர் பொருள் நவம்பரில் 200-க்கு வரும் என்றால், தவணையில் எடுத்தவர் நூற்றுக்கு நூறு வட்டி கட்டுகிறார். கந்துவட்டிக்குக் குறையாத கணக்கு.

சீரம் இதில் விதிவிலக்கு. அது தள்ளுபடிக்கு வருவதே அபூர்வம். அதனால் தவணையில் எடுப்பதில் நஷ்டமில்லை. தவணையை அமுக்கும் முன் அந்தப் பொருளின் பழைய தள்ளுபடி விலைகளைத் தேடிப் பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

ஜூன் 9

முடியாத வாடகை கெட்டது என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அப்படியில்லை. நான் கீபோர்டு புரோகிராமர். ஆர்.ஆர்., அதாவது படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் வேலைதான் பிழைப்பு. பெரிய ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி (பதிவு செய்த வாத்திய ஒலிகளின் தொகுப்பு) எல்லாம் ஒரு காலத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் விற்றவை. 2015-ல் ஈஸ்ட்வெஸ்ட் நிறுவனம் கம்போசர் கிளவுட் என்று தன் லைப்ரரிகளை மாத வாடகைக்குத் திறந்துவிட்டது. வருடத்தில் இரண்டு படத்துக்குத்தான் ஆர்கெஸ்ட்ரா ஒலி தேவைப்படுகிறது என்றால், அந்த மாதங்களுக்கு மட்டும் வாடகை கட்டுவது புத்திசாலித்தனம்தான். அந்த மாதங்களுக்குத் தயாரிப்பாளரிடமிருந்து அட்வான்ஸும் வந்திருக்கும்.

சிக்கல் வாடகை நின்ற பிறகு வருகிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

2021 அக்டோபர் 1-ம் தேதி ரிசர்வ் வங்கியின் புதிய விதி அமலுக்கு வந்தது ஞாபகம் இருக்கும். கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு முன்கூட்டியே ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வர வேண்டும், 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும் என்று விதி. நம் பாதுகாப்புக்காக வந்த நல்ல விதிதான். ஆனால் வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும், நம் ஊர் வங்கிகள் சிலவும் அதற்குத் தயாராகவில்லை. என் லைப்ரரி வாடகை அந்த மாதம் போகவில்லை. கார்டில் பணம் இருக்கிறது, கட்ட நானும் தயார், வாங்கிக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை.

அதே வாரம் பழைய குறும்படம் ஒன்றின் இயக்குநர் கூப்பிட்டார். விழாவுக்கு அனுப்பப் படத்தைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறார், கிளைமாக்ஸ் இசையை அதற்கேற்பச் சுருக்க வேண்டும். ப்ராஜெக்ட்டைத் திறந்தேன். நோட்டுகள் எல்லாம் திரையில் வரிசையாக ஓடுகின்றன, வயலின் பகுதியில் சத்தமே இல்லை. லைப்ரரி பூட்டிக்கிடந்தது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் "உங்கள் வங்கியைக் கேளுங்கள்" என்றார்கள். வங்கியில் "வணிகரைக் கேளுங்கள்" என்றார்கள். கடைசியில் சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் தன் கார்டில் ஒரு மாதம் கட்டி மானத்தைக் காப்பாற்றினார்.

ஓ.டி.பி. இல்லாமல் எடுக்கக்கூடிய வரம்பை 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். இப்போது நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் அந்த வாரத்துக்குப் பிறகு, வாடகை மென்பொருளில் செய்த எதையும் நான் ஆடியோவாக மாற்றாமல் ஹார்ட் டிஸ்கில் வைப்பதில்லை.

ஜூன் 10

எப்படி மாற்றுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

வேலை முடிந்த அன்றே ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி ஆடியோவாக ஏற்றுமதி செய்துவிடுங்கள். எல்லாம் ஒரே இடத்திலிருந்து, அதாவது பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். படம் என்றால் சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ். ரிவெர்ப் (அறையின் எதிரொலி) போட்டதும் போடாததும் இரண்டும் வேண்டும், பின்னால் வெட்டி ஒட்டும்போது போடாததுதான் உதவும். கடைசி நோட்டின் வால் அடங்கும் வரை விடுங்கள். மிடி கோப்பை (ஒலி இல்லாமல் நோட்டுகள் மட்டும் இருப்பது) தனியாக எடுத்து வையுங்கள். எந்த டிராக்கில் எந்த ப்ரீசெட் (தயாராக வரும் ஒலி), எந்த வெர்ஷன் என்று ஒரு சாதா டெக்ஸ்ட் கோப்பில் எழுதிவிடுங்கள். ப்ளகினின் அமைப்புகள் ப்ராஜெக்டுக்குள்தான் இருக்கும், ஆனால் அதைப் படிக்க அந்த ப்ளகினே வேண்டும். ஆடியோவைத் திறக்க யார் தயவும் வேண்டாம்.

ஜூன் 14

"பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை, சொன்ன சொல் மாறமாட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

2023 மார்ச் கடைசியில் என்ன நடந்தது என்று பாருங்கள். வேவ்ஸ் 1992-லிருந்து இருக்கும் இஸ்ரேல் நிறுவனம், அதன் ப்ளகின் இல்லாத மிக்ஸிங் அறையைப் பார்ப்பது கஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனி தனியாக ப்ளகின் விற்பனை இல்லை, எல்லாமே சந்தாதான் என்று அறிவித்துவிட்டார்கள். மாதம் 14.99 டாலருக்கு ஒன்று, 24.99 டாலருக்கு ஒன்று. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்கள் புதிய வெர்ஷனுக்கு மாற அதுவரை அவர்களிடம் ஒரு அப்டேட் திட்டம் இருந்தது, அதுவும் போனது. வருடக்கணக்காகக் காசு கொடுத்துச் சேர்த்த ப்ளகின்கள் அடுத்த ஆபரேட்டிங் சிஸ்டம் மாறும்போது அப்படியே நின்றுவிடும் என்ற பயம் எல்லோருக்கும் வந்தது. உலகம் முழுக்க எழுந்த சத்தத்தில் சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டு, விற்பனையையும் அப்டேட் திட்டத்தையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். சந்தாவும் இருக்கட்டும், விற்பனையும் இருக்கட்டும் என்று முடிந்தது.

திரும்பி வந்தார்கள் என்பது நல்ல செய்தி. அந்த முடிவை மாற்ற வைத்தது வாடிக்கையாளர்களின் கோபம். சொந்த லைசென்ஸ் கையில் இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கோபப்படும் உரிமை இருந்தது, அவர்கள்தான் முன்னால் நின்றார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஜூன் 21

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தால், சொந்தமாக வாங்கிவிட்டால் நிம்மதி என்பதுபோல் ஒலிக்கிறது. மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும்.

2019 அக்டோபரில் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்குக் கேட்டலினா என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை வெளியிட்டபோது, அதற்கு மாறிய கணினிகளில் பழைய 32-பிட் மென்பொருள் அத்தனையும் நின்றன. முழுக் காசு கொடுத்து வாங்கிய பழைய ப்ளகின்களும் அதில் அடக்கம். இசை மென்பொருள் நிறுவனமான ஸ்டைன்பர்க், யூ.எஸ்.பி. டாங்கிளோடு (லைசென்ஸ் இருக்கும் சிறு கருவி) வந்த தன் இ-லைசென்சர் சேவையை 2025 மே மாதத்தோடு மூடிவிட்டது. புதிய முறைக்கு மாறாத பழைய லைசென்ஸ்களை இனி புதிதாக ஆக்டிவேட் செய்ய முடியாது.

எல்லாவற்றையும்விட மனதைத் தைத்தது கேக்வாக். அந்த நிறுவனத்தின் சோனார் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை வாங்கினால் வாழ்நாள் முழுக்க அப்டேட் இலவசம் என்று விற்றார்கள். அதன் அப்போதைய உரிமையாளரான கிப்ஸன் 2017 நவம்பரில் கேக்வாக்கையே நிறுத்தினார்கள். "வாழ்நாள்" என்று நம்பிக் காசு கட்டியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை எடுத்து இலவசமாகக் கொடுத்தது என்பது அதிர்ஷ்டம். காசு கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே பொருள் கிடைத்தது.

ஆகவே சொந்தம் என்றாலும் அதற்கும் ஆயுள் உண்டு. வாங்கிய நாளில் உங்கள் கணினியில் அது எத்தனை வருடம் ஓடும் என்று யோசித்து, விலையை அந்த வருடங்களால் வகுத்துப் பாருங்கள். அப்போதுதான் மாத வாடகையோடு நியாயமாக ஒப்பிட முடியும். ஐந்து வருடம் உழைக்கும் 300 டாலர் பொருள் மாதம் 5 டாலர். அதையே மாதம் 20 டாலருக்கு வாடகைக்கு எடுத்தால், வருடத்தில் மூன்று மாதத்துக்குமேல் தேவைப்படும் ஒருவருக்கு வாங்குவதுதான் லாபம்.

ஜூன் 22

எஃப்.எல். ஸ்டுடியோ என்ற இசையமைப்பு மென்பொருள் பற்றி ஞாபகப்படுத்தியவருக்கு: ஆம், அதைத் தயாரிக்கும் பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் வாழ்நாள் அப்டேட் சொல்லை இன்றுவரை காப்பாற்றுகிறது. ஆப்பிளின் இசையமைப்பு மென்பொருளான லாஜிக் ப்ரோவும் அப்படித்தான். 2013-ல் 199.99 டாலருக்கு வாங்கியவர் 2024-ல் வந்த 11-ம் பதிப்பு வரை ஒரு பைசா கூடக் கட்டவில்லை. ஐபேடுக்கான லாஜிக் மட்டும் 2023-ல் வந்ததிலிருந்தே சந்தா.

ஜூலை 1

ரூபாய்க் கணக்கு. திருநெல்வேலித் தம்பி கேட்டது இதைத்தான், நான்தான் வேறு எங்கோ போய்விட்டேன்.

249 டாலர், 2025 ஜூலைத் தொடக்கத்தில் டாலர் சுமார் 86 ரூபாய். 21,400 சொச்சம். கடை 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 25,000 தாண்டும். இதற்கு மேல் உங்கள் கார்டு வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு எடுக்கும் கட்டணம், பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை, அந்தக் கட்டணத்துக்கும் ஜி.எஸ்.டி. இதெல்லாம் ஒரேயடியாக வாங்கினாலும் உண்டு, தவணையிலும் உண்டு.

தவணைக்கு மட்டுமே உள்ள கூடுதல் செலவு ரூபாய் சரிவுதான். 2023 ஜூலையில் டாலர் 82 ரூபாய். அப்போது 9.99 டாலருக்குக் கட்டியதைவிட 2025 ஜூலையில் கட்டியது சுமார் 5 சதவீதம் அதிகம். கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் மொத்தத்தில் சராசரியாக இரண்டு, மூன்று சதவீதம்தான் வரும். 249 டாலரை மாதம் 9.99 என்று கட்டி முடிக்கும் 25 மாதக் கடனுக்கு இது மிகக் குறைந்த விலை. தனிநபர் கடனே வாங்கினாலும் இதற்குப் பக்கத்தில் வராது.

ஜூலை 6

இந்தியக் கடைகளில் லைசென்ஸ் கோடு வாங்கி, கிரெடிட் கார்டில் நோ-காஸ்ட் இ.எம்.ஐ. போடலாமே என்று கேட்டிருக்கிறார்கள். போடலாம், ரூபாய்க் கணக்கு என்பதால் டாலர் பயம் இல்லை. ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். வட்டிக்கு ஈடான தொகையைக் கடை தள்ளுபடியாகக் கொடுக்கிறது, வங்கி வட்டியை வாங்கவே செய்கிறது, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் தலையில். பல வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும் உண்டு. முக்கியமானது மூன்றாவது: இதில் நிறுத்தி வைக்கும் பொத்தான் கிடையாது. ஒரு மாதம் தவறினால் அபராதமும் வட்டியும் விழும், கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் அடிபடும். மென்பொருள் நிறுவனத்தின் தவணையில் தவறினால் ப்ளகின் தூங்கும், அவ்வளவுதான். சம்பளக்காரருக்கு இ.எம்.ஐ. சரி. கச்சேரி, ஆர்.ஆர்., பக்திப் பாடல் என்று வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை என்று வாழ்கிறவர்கள் தள்ளி இருப்பது நல்லது.

ஜூலை 19

வாடகையை யார் கட்டுவது என்று யாருமே கேட்கவில்லை. நம் ஆட்கள் எல்லோரும் தங்கள் கைக்காசிலிருந்தே கட்டுகிறார்கள்.

கேமராக்காரர் லென்ஸ் வாடகையைத் தனியாகத் தயாரிப்பாளரிடம் வாங்குகிறார். லைட் யூனிட் தனி பில். ஆர்.ஆர். செய்கிறவர் மட்டும் ஏன் லைப்ரரி வாடகையைச் சம்பளத்துக்குள் கரைத்துவிட வேண்டும்? கொட்டேஷனில் "மென்பொருள் வாடகை, இரண்டு மாதம்" என்று ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதத் தொடங்கியபோது ஓரிருவர் முகம் சுளித்தார்கள், பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். படம் முடிந்து திருத்தம் கேட்டால் மறுபடி வாடகை என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். திருத்தங்களின் எண்ணிக்கை நன்றாகவே குறைந்தது. சொந்தமாக வாங்கிய மென்பொருளுக்கு இப்படிக் கேட்க நமக்கு வாய் வருவதில்லை. மாத வாடகையில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் இந்தத் தெளிவு.

ஆகஸ்ட் 4

"இவ்வளவும் எதற்கு, இலவசத்தில் என்ன இருக்கிறது?" என்ற கேள்விக்கு.

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாக முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிநபருக்கு 60 டாலர் லைசென்ஸ். ஸ்பிட்ஃபையர் நிறுவனத்தின் பி.பி.சி. சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா லைப்ரரி 2019-ல் 999 டாலருக்கு வந்தது. அதன் டிஸ்கவர் பதிப்பு, ஒரு கேள்வித்தாளை நிரப்பி இரண்டு வாரம் காத்திருந்தால் இலவசம் என்று அடுத்த வருடம் கொடுத்தார்கள். வயலினில் வில்லின் உரசல் எல்லாம் அதில் அவ்வளவு நுணுக்கமாக இல்லை, ஆனாலும் கற்றுக்கொள்ளப் போதும். 2025 ஏப்ரலில் ஸ்ப்ளைஸே ஸ்பிட்ஃபையரை வாங்கிவிட்டது. தவணைக் கடையும் லைப்ரரிக் கடையும் ஒரே கையில் வந்தாயிற்று. தவணைக்கு ஆர்கெஸ்ட்ராவும் வருமா என்று நானும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். 400 டாலர் கொடுத்து சோலோ வயலின் லைப்ரரி வாங்குவதா என்று கேட்ட அண்ணா, நீங்கள் செய்வது தமிழ் பக்திப் பாடல்கள். தோடி ராகத்தில் காந்தார ஸ்வரத்தை அசைக்கிற அசைவு எந்த வெளிநாட்டு லைப்ரரியிலும் சரியாக வராது. கீபோர்டில் சுருதியை வளைக்கும் பிட்ச் வீலைத் திருகித் திருகிக் கிட்டத்தட்ட கொண்டுவரலாம், கேட்கிறவர் காதுக்கு அது தெரிந்துவிடும். அந்தக் காசுக்கு உங்கள் ஊர் வயலின் வித்வானை எத்தனை பாட்டுக்குக் கூப்பிடலாம் என்று விசாரியுங்கள். வாசித்த டிராக் உங்களுடையது. அதற்குச் சந்தா இல்லை, டாங்கிள் இல்லை, எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் மாறினாலும் பாடும். வித்வான் வீட்டிலும் அடுப்பு எரியும்.

ஆகஸ்ட் 5

மேடையில் வாடகை மென்பொருளை நம்பலாமா என்று கேட்டவருக்கு: கிளம்பும் முன் இணையத்தில் இணைத்து, லைசென்ஸைப் புதுப்பித்து, பிறகு வைஃபையை அணைத்துவிட்டு ஒரு முறை முழுக் கச்சேரியையும் ஓட்டிப் பாருங்கள். சில மென்பொருள்கள் அவ்வப்போது சர்வரைக் கேட்டுத்தான் திறக்கும். திருவிழாக் கூட்டத்தில் போன் சிக்னலே இருக்காது.

ஆகஸ்ட் 17

திருநெல்வேலித் தம்பி தவணையில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். இரண்டாவது மாதம் கல்யாண சீசன் இல்லை, வருமானம் இல்லை, நிறுத்தி வைத்திருக்கிறாராம். "நிறுத்தினால் என் பாட்டெல்லாம் போய்விடுமா?" என்று கேட்கிறார்.

போகாது. கட்டிய மாதம் முடிந்த பிறகு சீரம் டிராக்குகள் மட்டும் ஒலிக்காது. பில்லிங் தேதி வரும்வரை கட்டிய மாதம் உங்களுடையதுதான், ஆகவே அந்தத் தேதிக்கு முன்னால் இருக்கும் எல்லாப் பாட்டையும் ஆடியோவாக எடுத்துவிடுங்கள், ஜூன் 10-ம் தேதி குறிப்பில் எழுதிய முறைப்படி. ஆவணியில் முகூர்த்தங்கள் இருக்கின்றன, காசு வந்ததும் தொடருங்கள். 24 தவணைதான் பாக்கி.